கம்பி வளைக்கும் இடத்துக்கு நிழல்: தார்ப்பாயா, பச்சை வலையா?

சைட்_சூப்பர்வைசர்
கோவை அருகே சூலூர் பக்கம் அடுக்குமாடிக் கட்டட வேலை. கம்பி வெட்டி வளைக்கும் இடம் 20க்கு 30 அடி, நீளவாக்கு தெற்கு வடக்கு. ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட் வரை ஆட்கள் அங்கேதான் நிற்பார்கள். 24க்கு 30 நீலத் தார்ப்பாய் ஒன்று இருக்கிறது. நான்கு மூலையில் சவுக்குக் கம்பு நட்டு இழுத்துக் கட்டினால் போதுமா? இல்லை பச்சை வலை வாங்கவா?

பச்சைவலை
தார்ப்பாய் வேண்டாங்க. 75 சத நிழல்வலை போடுங்கள். காற்று ஊடே போகும், கீழே நிற்பவருக்குப் புழுங்காது, மழைத்தண்ணீரும் தேங்காது. வாங்கும்போது பின்னலைப் பாருங்கள். பட்டை இழை வலை மலிவு, ஆனால் காற்றில் படபடத்துச் சீக்கிரம் நார்நாராகிவிடும். உருண்டை இழையில் பின்னிய மோனோ வலை கேளுங்கள்.

சாரக்காரர்
வலைதான் குளிர்ச்சி என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். 75 சத வலை அதில் 250 வாட்டை நேராகத் தலையில் இறக்குகிறது. தார்ப்பாய் வெயிலைத் தடுத்துவிடும், ஆனால் தானே சூடாகிக் கீழே வெப்பம் வீசும். வெளியே 38 டிகிரி, பாயின் அடிப்பக்கம் 58 டிகிரி என்று வைத்தாலும் கூடுதலாக வரும் கதிர்வெப்பம் 150 வாட் சுமார்தான். உயரமாகக் கட்டி நான்கு பக்கமும் திறந்து விட்டால் தார்ப்பாய் நிழல் தோற்காது. மழை வந்தாலும் வேலை நிற்காது.

காற்றுக்கணக்கு
இரண்டு பேரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். கோவைப் பக்கம் கட்டும் பந்தலைக் கவிழ்ப்பது வெயில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் மேற்குக் காற்று ஒன்று, சித்திரை வைகாசியில் இடிமழைக்கு முன்னால் அடிக்கும் சூறை இன்னொன்று.

காற்றழுத்தம் = 0.6 × வேகம் × வேகம் (வேகம் வினாடிக்கு மீட்டரில், விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில்). மணிக்கு 54 கி.மீ. என்றால் வினாடிக்கு 15 மீட்டர், அழுத்தம் 135 நியூட்டன், அதாவது 14 கிலோ சுமார். உங்கள் பாய் 67 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுக்க மேல்நோக்கித் தூக்கினால் 920 கிலோ. 72 கி.மீ. காற்றில் 1,600 கிலோவைத் தாண்டும். இதை நான்கு மூலைக் கண்ணிகளிடம் (கயிறு கோக்கும் வளையத் துளைகள்) கொடுத்தால் முதலில் கண்ணி பிய்யும், கண்ணி தாங்கினால் கம்பு பிடுங்கும்.

சாரக்காரர்
கண்ணி பிய்வது கட்டுபவர் தவறு. கண்ணியில் நேராகக் கயிறு போடாமல், எலுமிச்சை அளவு கூழாங்கல்லைப் பாய்க்குள் வைத்து மடித்து, அந்தக் குமிழின் கழுத்தில் கயிறு போட்டால் இழுப்பு துணி முழுக்கப் பரவும். ஓரத்தில் 3 அடிக்கு ஒன்று வேண்டும். மூலைக்கு மட்டும் போதாது.

அப்புறம், 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம் எடை) நீலப் பாய் பெரும்பாலும் ஒரு கோடையிலேயே பொடிந்து உதிர ஆரம்பித்துவிடும். குறைந்தது 200 ஜிஎஸ்எம், புற ஊதாக் கதிர் தாங்கும் வகை வாங்குங்கள்.

பச்சைவலை
அண்ணா, அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். பாயை எதன் மேல் போடுவீர்கள்? நடுவில் கம்பம் நட முடியாது. கம்பி 12 மீட்டர் நீளம் வரும், 30 அடி வாக்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். குட்டைப் பக்கம் இரண்டும் திறந்தே இருக்க வேண்டும்.

சாரக்காரர்
கம்பம் எல்லாம் இரண்டு நீளப் பக்கத்திலும் நிற்கும் தம்பி. குறுக்கே 20 அடிக்கு 6 மி.மீ. இரும்புக் கம்பிவடம், 10 அடிக்கு ஒன்று, ஆக நான்கு. ஒரு பக்கம் 12 அடி உயரம், மறுபக்கம் 8 அடி என்று சரிவு வைத்தால் தண்ணீர் வழிந்துவிடும்.

காற்றுக்கணக்கு
இங்கேதான் சிக்கல். வடத்தில் வரும் இழுப்பு அதன் தொய்வைப் பொறுத்தது: மீட்டருக்கான சுமை × நீளம் × நீளம், அதை 8 × தொய்வால் வகுக்க வேண்டும். வடங்களுக்கு இடையே 3 மீட்டர் என்றால் அதே 54 கி.மீ. காற்றில் மீட்டருக்கு 41 கிலோ. 6 மீட்டர் வடத்தில் தொய்வு 60 செ.மீ. இருந்தால் இழுப்பு 310 கிலோ. 30 செ.மீ. என்றால் 620. 20 செ.மீ. என்று முறுக்கினால் 930. 6 மி.மீ. வடம் அறுபடுவது ஏறக்குறைய 2 டன்னில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்றால் 400 கிலோதான் கணக்கு. ஆகவே 60 செ.மீ. தொய்வு வேண்டும்.

ஆனால் 60 செ.மீ. தொய்வு வைத்தால் உங்கள் 4 அடிச் சரிவு செத்துவிடும். தாழ்ந்த முனைக்குப் போகும் முன்பே வடம் மறுபடி மேலேறும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் குழியில் சராசரி 10 செ.மீ. தண்ணீர் என்றால் 400 கிலோ. அந்தச் சரிவுக்குத் தண்ணீர் தேங்காமல் இருக்கத் தொய்வு 30 செ.மீ.க்குள் வேண்டும், அப்போது வடம் தாங்காது. தார்ப்பாய் கேட்கும் இறுக்கத்தை வடம் தராது. வலைக்கு இந்தத் தொல்லையே இல்லை, தொய்ந்தே கிடக்கலாம். நான் வலைப் பக்கம் நிற்பது இதனால்தான், குளிர்ச்சிக்காக இல்லை.

சாரக்காரர்
வடம் வேண்டாம், பைப் போடுங்கள். 2 அங்குல ஜி.ஐ. மீடியம் பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது, 20 அடிக்கு வெட்டாமல் சரியாக உட்காரும். 5 அடிக்கு ஒன்று, மொத்தம் ஏழு. வேலை முடிந்தால் அடுத்த சைட்டுக்குப் போகும்.

காற்றுக்கணக்கு
5 அடிக்கு ஒன்று என்றால் ஒத்துக்கொள்கிறேன், தாங்கும். ஆனால் காசை மிச்சம் பிடிக்க சாரப் பைப்பை 10 அடிக்கு ஒன்று போட்டால் வளைந்துவிடும். ஏழு பைப்புக்குப் பதினான்கு கால், அத்தனைக்கும் அடிப்பிடிமானம். ஐந்து மாதத்துக்கு அது தேவையா என்பதைக் கேள்வி கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

சைட்_சூப்பர்வைசர்
அவ்வளவு பைப்புக்கு ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வலையும் வடமும் என்றால், கம்பம் உள்ளே சாயாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பியை எதில் கட்டுவது? மண் நிரப்பிய 200 லிட்டர் டிரம் நிறைய இருக்கிறது.

காற்றுக்கணக்கு
டிரம் போதாது. மணல் நிரப்பினால் 320 கிலோ வரும். 60 செ.மீ. தொய்வில் வடம் இழுப்பது 310 கிலோ என்றால், 45 டிகிரியில் கட்டிய இழுகம்பி டிரம்மை 310 கிலோ மேலே தூக்கும், 310 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். தரையில் மிஞ்சும் எடை 10 கிலோ, டிரம் சறுக்கிக்கொண்டே வரும். வலையில் சுமை குறையும், எவ்வளவு என்பது பின்னலைப் பொறுத்தது. பிடிமானத்தை மட்டும் முழுச் சுமைக்கே வையுங்கள்.

3 அடி ஆழத்தில், இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பள்ளம் எடுத்து, 3 அடிச் சவுக்குக் கட்டையைப் படுக்க வைத்து, அதன் நடுவில் வடத்தைச் சுற்றி மேலே கொண்டு வந்து, மண்ணை அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் 4 அடி. நனைந்த கரிசலில் வெறும் முளை அடித்தால் நிற்காது. இழுகம்பிக்கு 8 மி.மீ. வடம், அதில் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள். முனைக்கு மூன்று கிளாம்ப், கிளாம்பின் யு வளைவு வடத்தின் மிச்சமுள்ள வால் பக்கம் விழ வேண்டும். திருப்பிப் போட்டால் சுமை தாங்கும் வடத்தையே அது நசுக்கும். இழுகம்பியில் ஆள் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள், கம்பி தூக்கி வருபவர் தடுக்கி விழக் கூடாது. மேலே மின்கம்பி போகும் இடமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பச்சைவலை
வலை 3 மீட்டர் அகலச் சுருளாக வரும், உங்கள் வட இடைவெளியும் 3 மீட்டர். ஓரமும் ஓரமும் வடத்துக்கு மேலேயே சேரும்படி போடலாம். 6 மீட்டர் வடம் தொய்ந்து கிடப்பதால் ஒவ்வொரு துண்டையும் 6.5 மீட்டராக வெட்டுங்கள். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து 6 மி.மீ. கயிற்றைக் கோத்து, அந்தக் கயிற்றை வடத்தோடு அடிக்கு ஒரு கட்டு. கட்டுக்கம்பி வேண்டாம், வலையை அறுத்துவிடும். இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள், வானம் கறுத்ததும் இரண்டு பேர் இறக்கிவிடலாம்.

சாரக்காரர்
வலை என்றே முடிவானால் ஒன்று சொல்கிறேன். தாழ்ந்த பக்கத்தை மேற்கே வையுங்கள். ஏப்ரல் மே மாதத்தில் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே, தெற்குப் பக்கம் மறைப்பு தேவையில்லை. மூன்று மணிக்கு மேல் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்துவிடும். மேற்கு ஓரம் 8 அடி உயரம் என்றால் 8 அடி அகலத்துக்கு வெயில் உள்ளே வரும், நான்கு மணிக்கு 12 அடி. அதனால் மேற்கே 8 அடியில் இருந்து 3 அடி வரை வலைத் திரை தொங்கவிட வேண்டும், கீழே 3 அடி காற்றுக்குத் திறந்திருக்கட்டும். ஆடிக்காற்றும் மேற்கில் இருந்துதான் வரும், தாழ்ந்த ஓரம் இருந்தால் அடியில் புகுந்து தூக்குவது குறையும்.

வெட்டும் மெஷினுக்கு மட்டும் 8க்கு 10 அடி தகரக் கூரை தனியாகப் போடுங்கள். மோட்டார் நனையாது, தீப்பொறி பட்டு வலையும் உருகாது. உங்கள் நீலப் பாய் சிமெண்ட் மூட்டைக்கு ஆகும்.

சைட்_சூப்பர்வைசர்
மேற்குத் திரைக்கும் 75 சதம்தானா?

பச்சைவலை
50 சதம் போதுங்க. சாய்வாக வரும் வெயிலுக்கு அது தன் அளவைவிட அடர்த்தியாகத்தான் தெரியும், காற்றும் தடையில்லாமல் வரும்.