பிக்கப்பின் முன்பக்கத் தாழ்வு: நீங்கள் என்ன போட்டீர்கள், எப்படி ஓடுகிறது?

டகோமா 2019, ஹூஸ்டன்

பிக்கப் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி இது. முன்பக்கம் ஏன் இறங்கி, பின்பக்கம் ஏன் ஏறி நிற்கிறது? தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று வைப்பதுதான். பெட்டில் (பின்னாலுள்ள திறந்த சரக்குத் தொட்டியில்) பாரம் ஏற்றினாலோ ட்ரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அப்போது வண்டி நேராக நிற்க வேண்டும் என்பதற்காக. என் வண்டியோ முக்கால்வாசி நேரம் காலியாக ஓடுகிறது. எப்போதாவது கூடாரம், ஐஸ்பெட்டி, இரண்டு சைக்கிள். அதனால் முன்பக்கத்தைத் தூக்கத் துணிந்தேன்.

சஸ்பென்ஷன் கடைக்குப் போனதும் அங்கிருந்த பெரியவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை, டேப்பை எடுத்தார். நான்கு டயரிலும் காற்று சமமா என்று பார்த்தார். பிறகு சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடு) விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும் என்றார். முன்னால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஓட்டுநர் உட்காருவதும் பெட்ரோல் டேங்க் இருப்பதும் அந்தப் பக்கம்தானே. “இரண்டு பக்கமும் ஒரே அளவு தூக்கினால் இந்தச் சாய்வு அப்படியே மேலே வரும்” என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் போட்டது பில்ஸ்டீன் 5100 என்ற முன் ஷாக் அப்சார்பர். அதன் உடம்பில் வட்டவட்டமாகப் பள்ளங்கள் இருக்கும். ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு எந்தப் பள்ளத்தில் உட்காருகிறதோ அதைப் பொறுத்து உயரம். மேல் பள்ளத்தில் வைத்தால் 2.5 இஞ்ச் வரை ஏறும். ஆனால் மேலே போகப் போக ஸ்பிரிங் முன்கூட்டியே இறுக்கப்படுகிறது. ஸ்பிரிங்கின் வலு மாறுவதில்லை. சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம்தான் குறைகிறது. வேகத்தடையைத் தாண்டி சக்கரம் தொங்கும்போது ‘டக்’கென்று ஒரு அடி கேட்பது அதனால்தான். நடுப் பள்ளத்தோடு நிறுத்திக்கொண்டு, இடப்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய வளையம் சேர்த்தோம். பின்பக்கம் இன்னும் ஒரு நூல் உயரமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுவே அழகு.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து விளையாட வேண்டாம். நழுவினால் கை போகும். கழற்றிய ஷாக்கைக் கடைக்கு எடுத்துப் போனால் மாற்றித் தருவார்கள். அடுத்தது, கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்று, எடை முழுவதும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளேயிருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

எஃப்-150, டல்லஸ்

அண்ணா, பள்ளக் கணக்கை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என்னுடையது பழைய வண்டி. முந்தைய உரிமையாளர் ஸ்பேசர் போட்டே விற்றார். ஷாக்கின் தலைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டு. ஷாக்கின் அடிமுனை கீழ் ஆர்மின் நடுவில் இருப்பதால் 1 இஞ்ச் தடிமன் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இஞ்ச் ஏறும். இது தெரியாமல் “2 இஞ்ச் வேண்டும்” என்று 2 இஞ்ச் தடிமனில் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. என் வண்டியில் இருந்ததும் அப்படித்தான். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பால் ஜாயின்டும் (ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டு) சி.வி. ஆக்சிலும் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டிவிட்டன. ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சக்கரமெல்லாம் தெறித்திருந்தது.

ஸ்பேசரே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சரியான தடிமனில் போட்டால் பழைய ஷாக்கின் மென்மை அப்படியே கிடைக்கும். விலையும் மற்றதில் ஒரு பங்குதான். வண்டி இன்னும் புதிது, கரடுமுரடில் போகப்போவதில்லை, பார்வைக்கு நேராக நின்றால் போதும் என்றால் தாராளமாகப் போடலாம். ஷாக் ஏற்கெனவே தளர்ந்துவிட்டதென்றால் அந்தக் காசை ஸ்பேசரில் போடாதீர்கள். பிரித்து மாட்டும் கூலி இரண்டு தடவை ஆகும்.

ரேம் 1500, வட கரோலினா

மேலே இரண்டு பேரும் சொன்னது காலி வண்டிக்கு. நான் பயண ட்ரெய்லர் இழுக்கிறவன், என் கதை நேர் எதிர். அதை யாராவது இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ட்ரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை கொக்கியின் மேல் விழும். 6,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. அவ்வளவும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் விழுகிறது. அது பின்பக்கத்தை அமுக்குவதோடு நிற்காது, முன்சக்கரத்தின் மேல் இருக்கிற எடையையும் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகும், பிரேக் பிடிப்பு குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காலியாக இருக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கிய வண்டியில் இதைச் செய்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். அலங்காரத்துக்காகவே பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுகிற பழக்கம் எங்கள் மாநிலத்தில் பரவி, 2021 டிசம்பரிலிருந்து சட்டமே வந்துவிட்டது. மாற்றி அமைத்த வண்டியில் முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 இஞ்சோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது.

அதனால் முன்பக்கத்தை நான் தொடவே இல்லை. 2009-க்குப் பிந்தைய ரேம் 1500-ல் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான். அதற்குள் நுழைத்து வைக்கும் ஏர்லிஃப்ட் 1000 என்ற காற்றுப்பை போட்டேன். காலியாக ஓடும்போது 5 பிஎஸ்ஐ, அதற்குக் கீழே போகக் கூடாது. பாரம் இருந்தால் 35 வரை ஏற்றலாம். கூடவே, கொக்கியில் விழும் எடையை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் (கொக்கி அமைப்பு). முதலில் பையில் குறைந்த காற்றே இருக்கட்டும். ஹிட்சின் கம்பிகளை முறுக்கி, முன் ஃபெண்டர் ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன்பிருந்த உயரத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். பிறகுதான் பைக்குக் காற்று. இதை மாற்றிச் செய்தால், பின்பக்கம் உயர்ந்து பார்வைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் முன்சக்கரத்துக்குப் போக வேண்டிய எடை போயிருக்காது.

சரியா என்று தெரிந்துகொள்ள ட்ரக் ஸ்டாப்பில் இருக்கிற கேட் ஸ்கேல் (CAT) என்ற எடை மேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எடை வரும். முதல் இரண்டையும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள ஆக்சில் எடை வரம்போடு ஒப்பிடுங்கள்.

நாமக்கல் பக்கம் லாரிக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுத் திண்ணையில் பேச்சே எடை மேடையும் ஸ்பிரிங் பட்டையும்தான். ஒரு பட்டை கூட்டினால் வண்டி நிமிரும், ஆனால் ஆக்சிலும் பிரேக்கும் பழையதுதான் என்று அப்பா சொல்வார். காற்றுப்பைக்கும் அதே கணக்கு. ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

சில்வராடோ 2500எச்டி, மிச்சிகன்

எனக்குப் பாரம் மூக்கிலேயே. பனி தள்ளும் கலப்பையை மாட்டினால் முன்பக்கம் உட்கார்ந்துவிடும். இந்த வண்டியில் முன்னால் காயில் கிடையாது, டார்ஷன் பார். நீளமான எஃகுக் கம்பி முறுக்கேறித்தான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. சாவி போன்ற துண்டிலுள்ள போல்ட்டைத் திருகினால் உயரம் ஏறும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அளவோடு திருகுங்கள். திருகத் திருகச் சக்கரம் கீழிறங்கும் இடம் குறைந்து, காலியாக ஓடும்போது கட்டையாக அடிக்கும். குளிர்காலம் முடிந்ததும் நான் பழைய இடத்துக்கே இறக்கி விடுகிறேன்.

டகோமா 2021, டென்வர்

அக்காவாக ஒரு கேள்வி. கையில், சக்கரத்தில் ஒன்றரை இஞ்ச் ஏற்றும் ஸ்பேசர் கிட்டோடு வாசலில் நிற்கிறேன். வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். முன்கண்ணாடியில் இருக்கிற கேமராவுக்கு ஏதாவது ஆகுமா? அலைன்மென்ட் கட்டாயமா?

டகோமா 2019, ஹூஸ்டன்

அக்கா, முதலில் வாரன்டி. 1975-ல் வந்த அமெரிக்காவின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பொருள் போட்டதற்காகவே மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. பழுது அந்தப் பொருளால் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஏசி கெட்டால் ஸ்பேசரைக் காரணம் சொல்ல முடியாது, சி.வி. ஆக்சில் கெட்டால் சொல்லலாம்.

அலைன்மென்ட் கட்டாயம், அன்றைக்கே. முன்பக்கம் உயர்ந்தால் டோ (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். விட்டால் டயரின் ஓரம் மட்டும் தேயும். காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். அது குறைந்தால் திருப்பத்திலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது மந்தமாகி, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அலைன்மென்ட் போட்டதும் அச்சுத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கக் காஸ்டரும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் உயரத்துக்குப் பழைய மேல் ஆர்மே போதும். 2.5 இஞ்சைத் தாண்டினால்தான் மாற்று ஆர்ம் பற்றி யோசிக்க வேண்டும்.

கேமராவைப் பொறுத்தவரை, வண்டியின் சாய்வு மாறினால் அது பார்க்கும் கோணமும் மாறும். அலைன்மென்ட் முடிந்த கையோடு அதை மறுபடி அளவு திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கிட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. இன்றிரவே கராஜ் சுவரிலிருந்து 25 அடி தள்ளி, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். வேலை முடிந்து அதே இடத்தில் நிறுத்தினால் வெளிச்சம் டேப்புக்கு மேலே ஏறியிருக்கும். விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி, ஏறிய மட்டும் இறக்கிவிடுங்கள்.