அண்டார்டிக்கா வரை வந்த நாயுருவி

அடையாறிலிருந்து ஓர் உறுப்பினர்:

சொகுசுக் கப்பலில் அண்டார்டிக்கா சென்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். ஒரு மார்கழியில் கச்சேரிகளைத் துறந்துவிட்டு, நானும் என் மனைவியும் மூன்று விமானங்கள் மாறி, அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உசுவாயா துறைமுகத்தில் கப்பலேறினோம். எங்களுடன் சுமார் 180 பயணிகள் இருந்தனர். அறையின் வசதிகளையும் விருந்தையும் விளம்பரங்களே போதுமான அளவு புகழ்ந்துவிட்டன. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிக்காவுக்கும் இடையே கொந்தளிக்கும் டிரேக் நீரிணையைக் கடந்த இரண்டு நாட்களும் குமட்டலுக்கான அவோமின் மாத்திரையும் எலுமிச்சம்பழமுமாகப் படுத்தே கிடந்த எங்களுக்கு அவற்றில் எதுவும் பயன்படவில்லை.

கரையிறங்குவதற்கு முந்தைய மாலையில் நடந்த சோதனைதான் என் நினைவில் அழுத்தமாக நிற்கிறது. வெளியே அணியும் உடைகள், பைகள் அனைத்தையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, சட்டைப்பை மடிப்பு வரை தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்தார்கள். நான் தினமும் காலை நடைக்கு எடுத்துச் செல்லும் பையின் வெல்க்ரோ பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பணிப்பெண், இடுக்கியால் இரண்டு விதைகளைப் பிடுங்கி எடுத்தார். தரிசு நிலத்தைக் கடந்தால் வேட்டிக் கரையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருமே, அதே நாயுருவி! அந்தக் கண்டத்துக்கே உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டுதான் என்றும், மனிதர்களோடு வந்து சேர்ந்த போவா ஆனுவா என்னும் புல் கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றிவிட்டது என்றும் அவர் விளக்கினார். நம் நாயுருவி அந்தப் பனியில் முளைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் வாதாடும் நிலையில் நான் இல்லை.

கரையில் உண்ணக்கூடாது, சிறுநீர் கழிக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் அச்சத்தால் உட்காரவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது. சர்க்கரை நோயுள்ள என் மனைவி, ஒவ்வொரு முறையும் ரப்பர் படகில் ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுக்கொண்டார். பாதிப் பேர் இறங்கியிருக்கும்போது மீதிப் பேர் படகில் சுற்றி வருவோம். கியூவர்வில் தீவில், ஜென்டூ பெங்குயின்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவற்றின் எச்ச நாற்றம் வந்து சேர்ந்துவிட்டது; அதன் முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகமே நறுமணம் என்பேன். பனியில் அவை நடந்து நடந்து பள்ளமாக்கிய பாதையில் நாம் குறுக்கிடக்கூடாது. ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த விதியை அறியாத ஒரு பெங்குயின், அலகில் கூழாங்கல்லுடன் என் மனைவியின் காலணி வரை வந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. மாம்பலம் ரயில் நிலையத்தில் யாருக்கும் வழிவிடாதவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அண்ணா நகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, நீங்கள் கொடுத்துவைத்தவர். நாங்கள் பணம் கட்டிய கப்பல் இன்னும் பெரியது, இன்னும் ஆடம்பரமானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தோம். ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் அங்கே யாரையும் கரையிறக்குவதில்லை என்பதும், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்க முடியாது என்பதும், கப்பல் புறப்பட்ட மறுநாள் பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தன. எங்கள் பயண முகவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் தந்த கையேட்டின் அட்டையில் என்னவோ பெங்குயினுக்கு அருகே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

குறை மட்டும் சொல்லக்கூடாது. பாரடைஸ் விரிகுடாவில் பனிச்சுவர் ஒன்று பிளந்து விழுந்தபோது, முதலில் காட்சியும் அதன்பின் இடிமுழக்கமும் வந்ததை மாடத்திலிருந்து பார்த்தோம். பெங்குயின்கள் மட்டும் தொலைநோக்கியில் மிளகு சிந்தியதுபோல்தான் தெரிந்தன. பணம் கட்டும் முன் பயணிகள் எத்தனை பேர், கரையிறங்குவது எத்தனை முறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் முகவரிடம் சென்று முறையிட்டேன். "கப்பல் அண்டார்டிக்காவுக்குப் போயிற்றா, இல்லையா?" என்று கேட்டார். போகத்தான் செய்தது.