தனி ஆட்கள் எழுதும் வலைப்பூக்களை எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்?

சில்வர் ஓக், ஏற்காடு:

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். ஆள் பேர் எழுதுவது, பழம் எடை போடுவது, சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. பொழுது சாய்ந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் எதையாவது படிப்பேன். வீடியோ பார்க்கிற அளவுக்கு இங்கே சிக்னல் நிற்காது, மழைக்காலத்தில் கரண்டும் நிற்காது. அதனால் எழுத்தாக இருப்பதுதான் எனக்கு ஒத்து வருகிறது.

போன வாரம், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி பற்றி யாராவது சொந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். வந்ததெல்லாம் ஏற்காட்டில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள், ரிசார்ட் வாடகை, பிளாட் விற்பனை. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள்தான். ஒரு ஆள், தன் வேலையைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும், யாரும் காசு கொடுக்காமல், தனக்குத் தோன்றியபடி எழுதிய பக்கம் எனக்கு வேண்டும். மிளகு மட்டும் என்று இல்லை. லாரி ஓட்டுபவர், நர்ஸ், தறிக்காரர், நட்சத்திரம் பார்ப்பவர், யார் எழுதினாலும் படிப்பேன். ஒரு காலத்தில் தமிழில் அப்படி ஏராளமாக இருந்தன என்கிறார்கள். அவையெல்லாம் எங்கே? இன்னமும் இருந்தால் எப்படித் தேடுவது?

தறிச்சத்தம், அம்மாபேட்டை:

தம்பி, அவற்றில் நிறைய இன்னும் அதே முகவரியில்தான் இருக்கின்றன. தேடுபொறியின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான். நான் 2007-இல், கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்ஸ்பாட்டில் எழுத ஆரம்பித்தவள். இன்றைக்கும் மாதம் ஒன்றோ இரண்டோ எழுதுகிறேன். இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி பின்னூட்டம். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரே ஒரு வலைப்பூ முதலில் கிடைக்கட்டும். அதில் பதிவைப் படித்ததோடு வந்துவிடாமல் கீழே இறங்குங்கள். பிளாக்ஸ்பாட்டில் பின்னூட்டம் போட்டவரின் பெயரைத் தொட்டால் அவருடைய சுயவிவரப் பக்கம் திறக்கும். அவர் என்னென்ன வலைப்பூ வைத்திருக்கிறார் என்பது அங்கே இருக்கும். மறைத்து வைக்காவிட்டால், யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்ற பட்டியலும் இருக்கும். கன்னங்குறிச்சி மாம்பழத் தோப்பு பற்றி ஒருவர் எழுதியதற்குக் கீழே கடலூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். அவர் பெயரைத் தொட்டுப் போனால், இரவுப் பணி பற்றி அத்தனை நிதானமாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய வலைப்பூவின் ஓரத்தில் இருந்த வலைப்பூப் பட்டியலில் ஒரு ரயில்வே ஊழியர். அந்த ஊழியரின் பட்டியலில் வளைகுடாவில் கிரேன் ஓட்டும் ஒருவர், தன் லேபர் கேம்ப் சமையலைப் பற்றி எழுதுபவர். மாம்பழம் என்று தேடியிருந்தால் இவர்களில் ஒருவரும் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். பின்னூட்டம் போடுகிறவர்கள் சிநேகத்தால் வருகிறார்கள், விஷயத்தால் இல்லை. அதனால்தான் அந்த வழியில் போனால் விதவிதமான ஆட்கள் கிடைக்கிறார்கள்.

தேடுபொறியையும் விட வேண்டாம், கேட்கிற சொல்லை மட்டும் மாற்றுங்கள். ‘மிளகு சாகுபடி’ என்று போட்டால் விற்கிறவர்கள்தான் வருவார்கள். ‘எங்க தோட்டத்துல’, ‘கொடி கருகிடுச்சு’, ‘பூமழை’, ‘பழம் எடுப்பு’, ‘மேஸ்திரி’ என்று, வேலை செய்கிறவன் வாயில் வருகிற சொல்லைப் போடுங்கள். விளம்பரக்காரர் அதை எழுத மாட்டார். அதோடு ஆங்கிலத்தில் சைட் என்று போட்டு, கோலன் வைத்து, பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று ஒட்டித் தட்டினால் பிளாக்ஸ்பாட் பக்கங்கள் மட்டும் வரும். வேர்ட்பிரஸுக்கும் அதே மாதிரி தனியாக ஒரு தடவை. ஊர்ப் பெயரை ஒரே விதமாக எழுதித் தேடாதீர்கள். ஏற்காடு, ஏர்காடு, சேர்வராயன் மலை, ஷெவராய் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள்.

இன்னொரு புதையல் பழைய திரட்டிகள், அதாவது பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தளங்கள். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் பதிவு போட்டதும் தலைப்பு அதன் முகப்பில் வந்துவிடும். நேர வரிசைதான். ஒரு அரசியல் சண்டை, அதற்கடுத்து வத்தக்குழம்பு, அடுத்து லினக்ஸ் பாடம், அடுத்து யாரோ ஒருவரின் அப்பா இறந்த நினைவு. உனக்கு இதுதான் பிடிக்கும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. நான் லினக்ஸைத் தொட்டதே இல்லை, ஆனால் அதை எழுதியவரின் நடை பிடித்துப்போய் மாதக்கணக்கில் படித்தேன். வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாகவும் முகப்பில் வைப்பார்கள். அந்தத் திரட்டி இப்போது பழையபடி கிடைக்காது. ஆனால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைப் போட்டால் பழைய முகப்புகளைப் பார்க்கலாம். அங்கே இருக்கும் வலைப்பூ முகவரிகளைக் குறித்துக்கொண்டு நேராகப் போய்ப் பாருங்கள், பல திறக்கும்.

வலைச்சரம் என்று ஒன்று நடந்தது. வாரம் ஒரு பதிவர் பொறுப்பெடுத்து, தனக்குப் பிடித்த மற்ற பதிவர்களைச் சுட்டி கொடுத்து அறிமுகம் செய்வார். பல ஆண்டுகள் நடந்த காரியம். தமிழில் இப்படி ஒரு வேலையை அத்தனை பேர் கூலி இல்லாமல் மாறி மாறிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடும். தேட ஆரம்பிக்கிறவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

ரொம்பப் பழைய பக்கம் சில நேரம் புரியாத குறிகளாகத் தெரியும். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு என்ற எழுத்து முறை நிலைப்பதற்கு முன் திஸ்கி எழுத்துருவில் எழுதியவை அவை. சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் படிக்கலாம். இப்போதைய தேடலில் அவை அகப்படாததற்கும் இதுதான் காரணம்.

கஞ்சமலை:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் நானும் இப்படிப் போய்ப் பார்த்தவன். பாதிக்கு மேல் 2011, 2012-உடன் நின்று கிடக்கின்றன. படங்கள் வருவதில்லை. எழுதியவர்கள் எல்லாம் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். செத்த பக்கங்களைப் படித்து என்ன செய்வது?

தறிச்சத்தம், அம்மாபேட்டை:

கஞ்சமலை சார், நின்றுபோனது உண்மை. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. நம்மில் நிறையப் பேர் ஒருவரையொருவர் அதில்தான் படித்துக்கொண்டிருந்தோம். படிக்கிறவர்கள் சிதறினார்கள், பின்னூட்டம் குறைந்தது, எழுதுகிறவர்களுக்கும் ஆர்வம் போனது. கைபேசியும் ஃபேஸ்புக்கும் வந்தது இன்னொரு காரணம்.

ஆனால் செத்த பக்கம் என்று சொல்லாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர், பொடி வைத்து ஊதுவதிலிருந்து மெருகு போடுவது வரை படிப்படியாக எழுதியிருந்தார். கடைசிப் பதிவு 2010. அந்த வேலை இப்போது எவ்வளவோ மெஷினுக்கு மாறிவிட்டது. கைவேலைக்காரர் ஒருவர் தன் வாயால் சொன்னது அங்கேதான் இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு எழுதாததால் அது பழசாகிவிடாது. இதையே ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தால் உங்களால் இன்று தேடி எடுத்திருக்க முடியுமா? எனக்கு நேற்று படித்ததே அங்கே திரும்பக் கிடைப்பதில்லை.

நின்றுபோன வலைப்பூவையும் நான் ஓடை வாசிப்பானில் சேர்த்து வைப்பேன். ஓடை என்று நான் சொல்வது ஆர்எஸ்எஸ், வலைப்பூவில் வரும் புதுப் பதிவுகளை நம் வாசிப்பானில் கொண்டு வந்து சேர்க்கும் ஏற்பாடு. பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் எல்லாவற்றுக்கும் உண்டு. ஃபீட்லி, இனோரீடர் என்று எந்த வாசிப்பானாக இருந்தாலும் வலைப்பூ முகவரியைக் கொடுத்தால் ஓடையை அதுவே கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டர் இருந்தால் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது. பல வருடம் அசைவில்லாமல் கிடந்த ஒரு ஓடையில் போன ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில், புதுப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எழுதுவேன் என்று எழுதியிருந்தார். ஓடையில் போட்டு வைத்திருந்ததால் அன்றைக்கே தெரிந்தது. முதல் பின்னூட்டம் என்னுடையது.

ஜங்ஷன் பையன்:

ஆங்கிலமும் படிப்பீர்கள் என்றால் சிலவற்றைச் சொல்கிறேன் அண்ணா. 2022-இல் பில் கைஃபோர்ட் என்பவர் ‘ஊ டைரக்டரி’ என்ற வலைப்பூ அட்டவணையைத் தொடங்கினார். பறவை, கணிதம், சமையல் என்று துறை துறையாகப் பிரித்து வைத்திருக்கிறார். சுவீடனைச் சேர்ந்த விக்டர் லோஃப்கிரென் நடத்தும் மார்ஜினேலியா என்ற தேடுபொறி, எழுத்து அதிகமாகவும் ஜிகினா குறைவாகவும் உள்ள பக்கங்களை முன்னால் கொண்டு வரும். உங்கள் சிக்னலுக்கு அந்த மாதிரிப் பக்கங்கள் சட்டென்று திறக்கும். தேடுபொறி நடத்தும் காகி நிறுவனத்தின் ‘ஸ்மால் வெப்’ பக்கத்தைத் திறந்தால், யாரோ ஒரு தனி ஆள் அண்மையில் எழுதிய பதிவு வந்து நிற்கும். அடுத்தது என்று தட்டினால் வேறொருவர். முன்பு பிளாக்ஸ்பாட்டின் மேல்பட்டையில் ‘அடுத்த வலைப்பதிவு’ என்று ஒரு பொத்தான் இருந்ததாமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ‘பேர் பிளாக்’ தளத்தின் ‘டிஸ்கவர்’ பக்கமும் நன்றாக இருக்கும். அங்கே புதிதாக எழுதுகிறவர்கள் நிறைய.

தமிழுக்கு இப்படி ஒன்றை யாராவது திரும்பச் செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. தமிழ்மணம் நடந்த காலத்தில் நான் சின்னப் பையன், அதைப் பார்த்ததில்லை.

சில்வர் ஓக், ஏற்காடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி ‘கொடி கருகிடுச்சு’ என்று போட்டுத் தேடினேன். கொல்லிமலையில் மிளகு வைத்திருக்கும் ஒருவரின் வலைப்பூ கிடைத்தது. ஐப்பசி மழையில் தூரில் தண்ணீர் நின்று எப்படிக் கொடி போனது, அடுத்த வருடம் வடிகால் எடுத்து எப்படிக் காப்பாற்றினார் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறார். எங்கள் தோட்டத்தின் கீழ்ச்சரிவிலும் அதே கதைதான். அந்தப் பக்கத்தை எங்கள் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் ஆமாம் ஆமாம் என்றார். பின்னூட்டம் வழியாகப் போனதில் ஊர் ஊராகப் பழைய கிணறுகளைப் படம் எடுத்துக் குறிப்பு எழுதும் ஒரு டீச்சர் கிடைத்திருக்கிறார். கிணற்றைப் பற்றி இவ்வளவு படிப்பேன் என்று நினைத்ததே இல்லை.

ஒரு சந்தேகம். சிக்னல் கிடைக்கிற நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி நெட் இல்லாமல் படிக்க வழி உண்டா? கீழே சேலத்துக்கு வந்து போகிற நாளில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். அப்புறம், அக்கா, உங்கள் பட்டியலைக் கொடுக்க முடியுமா?

ஜங்ஷன் பையன்:

ஆண்ட்ராய்டில் ‘ஃபீடர்’ என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது அண்ணா, திறமூலம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. முழுப் பதிவையும் இறக்கி வைக்கும் அமைப்பு அதில் உண்டு. நெட் கிடைக்கும்போது ஒரு தடவை புதுப்பித்துவிட்டால் எழுத்து உள்ளேயே இருக்கும். சில வலைப்பூக்கள் ஓடையில் முதல் பத்தியை மட்டும் விடும். அவற்றுக்கு முழுக்கட்டுரை எடுக்கும் தேர்வை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

தறிச்சத்தம், அம்மாபேட்டை:

பட்டியல் தருகிறேன் தம்பி. ஓடை வாசிப்பானிலிருந்து ஓபிஎம்எல் கோப்பாக வெளியே எடுத்தால் மொத்தமும் ஒரே கோப்பில் வந்துவிடும். ஃபீடரில் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வீட்டு விஷயங்களை மட்டும் எழுதுகிற இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, எடுத்துவிடுகிறேன். மற்றதெல்லாம் தனிமடலில் இன்று ராத்திரிக்குள் வரும்.

அந்தக் கொல்லிமலைக்காரருக்கும் கிணற்று டீச்சருக்கும் பின்னூட்டம் போட்டீர்களா? மேஸ்திரி ஆமாம் என்று சொன்ன அந்த இரண்டு இடத்தை அப்படியே எழுதுங்கள். சுட்டி இங்கேயும் வேண்டும், நான் இரண்டு பேரையும் படித்ததில்லை.