பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்கிறார் நண்பர், மகளுக்கு என்ன சொல்வது?

சின்சினாட்டி அப்பா:
ஒஹாயோவில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன வாரம் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கென்டக்கியில் இருக்கும் நோவா பேழையைப் பார்க்கக் கூட்டிப் போனார் (2016இல் திறந்தது, 510 அடி நீள மரக் கப்பல், பார்க்கப் பிரமாண்டம்தான்). நல்ல மனிதர், எங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவர். திரும்பி வரும்போது காரில், பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், வேதம் சொல்வதுதான் சரி என்பதற்கு மூன்று விஷயம் சொன்னார். செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986இல் உறைந்த பாறையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் மூன்றரை லட்சம் வருடம் என்று வந்ததாம், அதனால் பாறைக்கு வயது சொல்லும் முறையே தப்பு. அப்புறம் மரபணுவில் பிழைகள் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன, லட்சக்கணக்கான வருடம் ஆகியிருந்தால் மனித இனமே அழிந்திருக்கும். கடைசியாக, எட்டாம் நாள் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் (முன்தோலை நீக்குவது) செய்யச் சொல்கிறது வேதம், குழந்தைக்கு ரத்தம் உறையும் திறன் உச்சத்தில் இருப்பது சரியாக அன்றுதான் என்றார். பின் சீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் "நிஜமாப்பா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பரைப் புண்படுத்தாமல் பேசவும் வேண்டும்.

கல்லும் மண்ணும்:
அந்தப் பாறை விஷயம் நடந்ததுதான். எதை வைத்து அளந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம்-ஆர்கான் முறை அது, பாறையில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து எவ்வளவு ஆர்கான் வாயு சேர்ந்திருக்கிறது என்று அளப்பது. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி வருடம் ஆகும், பத்து வருடத்தில் அதிலிருந்து பிறக்கும் ஆர்கான் ஒன்றுமே இல்லை என்கிற அளவு. லாரி எடை மேடையில் மூக்குத்தியை நிறுத்துப் பார்ப்பது போலத்தான். போதாததற்கு, எரிமலைக் குழம்பு வெளியே வருவதற்கு முன்பே பூமிக்கடியில் உருவான படிகங்களும் அந்தப் பாறையில் இருக்கின்றன, அவற்றில் பழைய ஆர்கான் சிக்கியிருக்கும். இந்தச் சிக்கல் 1960களிலேயே தெரிந்ததுதான், அதைச் சரிபார்க்கும் ஆர்கான்-ஆர்கான் முறையும் வந்துவிட்டது. கி.பி. 79இல் பொம்பெயி நகரை மூடிய வெசூவியஸ் எரிமலையின் பொருளை 1997இல் அப்படி அளந்தார்கள். வந்த விடை 1925 வருடம், 94 வருடம் முன்பின் இருக்கலாம். உண்மையான வயது 1918.

நண்பரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். 1997 முதல் 2005 வரை இளம்பூமிக் கொள்கையை நம்பும் விஞ்ஞானிகளே ஒரு குழுவாகக் கதிரியக்கத்தை ஆராய்ந்தார்கள். இன்றைய வேகத்தில் கணக்கிட்டால் 50 கோடி வருடத்துக்கு மேலான சிதைவு நடந்திருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். முன்பு சிதைவு படுவேகமாக நடந்தது என்பது அவர்கள் விளக்கம். அப்படியென்றால் அவ்வளவு சூட்டில் பாறையெல்லாம் உருகியிருக்க வேண்டுமே, அந்தச் சூடு எங்கே போனது? இது தீராத சிக்கல் என்று அவர்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. மகளுக்கு இவ்வளவு வேண்டாம், கிரீன்லாந்து பனியில் வருடத்துக்கு ஓர் அடுக்காக எண்ணி 60,000 வருடம் வரை போயிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், மர வளையம் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது புரியும்.

ஈஸ்ட் ராணி:
மரபணு வாதத்தில் பாதி சரி. ஒவ்வொரு குழந்தையும் அறுபது எழுபது புது மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, ரொம்பக் கெட்டவை சந்ததிக்குப் போகாமலே நின்றுவிடும். அவர் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் நம் அளவுக்கே பெரிய மரபணுத் தொகுப்பு உள்ள, மூன்று மாதத்தில் ஒரு தலைமுறை காணும் எலி எப்போதோ அழிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1988இல் 12 குடுவைகளில் வளர்க்க ஆரம்பித்த ஈ. கோலை பாக்டீரியா 75 ஆயிரம் தலைமுறை தாண்டியும் தன் மூதாதையைவிட வேகமாகத்தான் பெருகுகிறது. இன்னொன்று, வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது, அதனால்தான் பழம் காய் இல்லாமல் போன மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்தது. அதே மரபணு சிம்பன்சியிடமும் பழுது, பல இடங்களில் அதே உடைசல். கினிப் பன்றியிடமும் பழுதுதான், ஆனால் வேறு விதமாக உடைந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரே பிழை ஒரே வரியில் இருந்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்?

வார்டு அக்கா:
நான் விசுவாசி, தினமும் வேதம் வாசிக்கிறவள், பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். எட்டாம் நாள் விஷயத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே பிறந்த குழந்தை உடம்பில் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான். முதல் வாரத்தில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு என்பது உண்மை, ஆனால் எட்டாம் நாளோடு அது முடிந்துவிடாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரைக்கும்கூட வரலாம், அப்போது வந்தால் பெரும்பாலும் மூளைக்குள் கசியும். அதனால்தான் பிறந்தவுடன் தொடையில் ஒரு வைட்டமின் கே ஊசி, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1961 முதல் சொல்லிவருகிறது. எட்டாம் நாள் என்பது கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம். அதை உறைவுக் கணக்காக மாற்றினால் பூமியின் வயதும் தெரியாது, குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லை.

சின்சினாட்டி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள், விடைத்தாள் உதாரணத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள். அக்கா, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நண்பரின் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அந்த ஊசி வேண்டாம், எட்டாம் நாள் தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்களாம். பாறையும் எலியும் அப்புறம் இருக்கட்டும். அவர் கேட்பதாக இருந்தால் உங்களோடு போனில் பேச வைக்கலாமா?

வார்டு அக்கா:
தாராளமாக. இன்று இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணும் கூட இருந்தால் நல்லது.