போர்க்கதை வாசிப்பு இரக்கத்தோடு நின்றுவிடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். 12 பேர் கொண்ட எங்கள் வாசிப்பு வட்டம் 4 மாதங்களாகப் போரையும் இடப்பெயர்வையும் பேசும் புனைகதைகளை மட்டுமே வாசித்துவருகிறது. முதல் மாதத்தில் கண்கலங்கியவர்கள், இப்போது எந்தக் கதைக்கும் "பாவம், என்ன கொடுமை" என்று சொல்லிவிட்டு உடனே மொழிநடையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்; பாத்திரத்தின் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் வரலாற்றுப் பின்னணியை விளக்கினேன். 2023 இறுதியில் உலகில் சுமார் 11.73 கோடிப் பேர் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள் என்ற ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்கைச் சொன்னபோது எல்லோரும் அமைதியானார்கள், ஆனால் அந்த எண்ணின் பிரம்மாண்டத்தில் கதையிலிருந்த ஒரே ஒரு தாய் மறைந்துபோனாள். நாவலை விட்டுச் சிறுகதைக்கு மாறியும் பயனில்லை. ஒரு பெண் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதைச் சொல்லும் ஒரு பத்தியை மட்டும் உரக்க வாசித்து, திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் ஏன் சாவியை எடுத்துச் செல்கிறாள் என்று கேட்ட நாளில்தான் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை நினைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். அடுத்த 3 வாரங்களும் அதையே செய்தபோது அது வெறும் பயிற்சியாகிவிட்டது.

இலக்கியப் புனைகதை பிறர் மனத்தை உணரும் திறனைக் கூட்டுகிறது என்று 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வையும், பின்னர் வேறு ஆய்வாளர்களுக்கு அதே முடிவு கிடைக்காததையும் அறிவேன். ஆகவே வாசிக்கும் விதமே முக்கியம் என்று நம்புகிறேன்.

இரக்கத்தில் நின்றுவிட்ட வாசகர்களைப் பாத்திரத்தின் மனத்துக்குள் மறுபடியும் அழைத்துச் சென்ற எந்தக் கலந்துரையாடல் முறை உங்கள் அனுபவத்தில் பலன் தந்தது?