‘மீர்’ என்ற சொல்லும் நான் சொன்ன ‘பரவாயில்லை’யும்

சென்னையில் பி2 என்ற மேல் இடைநிலை வரை ஜெர்மன் படித்துச் சான்றிதழும் பெற்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் நடந்தது இது. காலை உணவுத் தட்டை எடுக்கச் சென்றபோது, எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், கணவரின் படத்தைத் துணியால் துடைத்தபடி ‘ஏர் ஃபேல்ட் மீர்’ என்றார். ‘ஃபேலர்’ என்றால் தவறு என்று மட்டுமே அறிந்திருந்த நான், கணவர் செய்த ஏதோ தவற்றைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, ஊர்ப் பழக்கத்தில் ‘மஹ்ட் நிஷ்ட்ஸ்’, அதாவது ‘பரவாயில்லை’ என்று சிரித்த முகத்துடன் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, படத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

‘அவர் இல்லாதது எனக்கு ஏக்கமாக இருக்கிறது’ என்பதே அதன் பொருள் என்று மூத்த செவிலியர் விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இதையே ஜெர்மானியர் தொண்டையில் ‘க்ளோஸ்’ இருப்பதாகச் சொல்வார்கள். அது உருளைக்கிழங்கில் பிடிக்கும் உருண்டை.

அம்மையார் சொன்ன வாக்கியத்தில் மறைந்தவர்தான் எழுவாய். ஏங்குபவர் ‘மீர்’, நம் ‘எனக்கு’. ஆங்கிலத்தின் வழியாக எல்லாவற்றையும் ‘நான்’ என்றே தொடங்கிப் பழகியதால்தான் இது எனக்குப் பிடிபடவில்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பது ‘மீர் இஸ்ட் கல்ட்’. அதை ‘நான்’ என்று தொடங்கி ‘இஷ் பின் கல்ட்’ என்றால் நெஞ்சில் ஈரமற்றவள் என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டதாகிவிடும். ‘எனக்கு அழுகை வருகிறது’ என்பதற்கும் ‘மீர் இஸ்ட் ட்சும் ஹொய்லன்’ இருக்கிறது. நம் நான்காம் வேற்றுமையை அவர்கள் மூன்றாவதாக எண்ணுகிறார்கள், அவ்வளவே. எல்லா உணர்வும் இப்படி வளைந்துகொடுப்பதில்லை என்பதும் உண்மை. பயத்தை ‘இஷ் ஹாபெ ஆங்ஸ்ட்’, அதாவது ‘நான் பயம் வைத்திருக்கிறேன்’ என்று, கைப்பையில் வைத்திருப்பதுபோலத்தான் சொல்ல வேண்டும்.

‘ஹெர்ட்ஸ்லிஷெஸ் பைலைட்’ என்று இரங்கல் தெரிவிக்கட்டுமா என்று கேட்டேன். அது மரணம் நேர்ந்த நாள்களுக்கு உரியது, கணவரை இழந்து ஆறாண்டுகள் ஆனவரிடம் பொருந்தாது என்று அந்த மூத்த செவிலியர் தடுத்தார். மறுநாள் காலை அம்மையாரிடம் ‘எஸ் டூட் மீர் லைட்’ என்று வருத்தம் தெரிவித்துவிட்டு (இதிலும் ‘மீர்’தான்), கணவரைப் பற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். ரொட்டியின் விளிம்பு வரை வெண்ணெய் தடவாமல் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்று தொடங்கிய அம்மையார், வெகுநேரம் என்னைத் தட்டை எடுக்கவே விடவில்லை.