நீலம் ஓடிய விளிம்பு: வைக்கிங் கோடரி வாங்கித் தீட்டியவர்கள் எழுதுங்கள்

பனிக்காடன்

மூன்று வாரமாகிறது, மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு கோடைச் சந்தையில் ஒரு வைக்கிங் கோடரி வாங்கினேன். வாயின் கீழ்ப்பக்கம் தாடி போலக் கீழே நீண்ட வடிவம், ஆஷ் மரப் பிடி, 900 குரோனர். விளிம்பு 2 மில்லிமீற்றர் தடிப்பில் மொட்டையாக இருந்தது. மலிவான மாதிரிகள் எல்லாம் அப்படித்தான் வரும், உங்களுக்குத் தெரியும்தானே. இந்த நாட்டின் சின்னத்தில் சிங்கம் கோடரியோடு நிற்கிறது, என் கடவுச்சீட்டிலும் அது இருக்கிறது. ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

அரம் போட்டால் இரண்டு நாள் வேலை. எனக்குப் பொறுமை இருக்கவில்லை, ஆங்கிள் கிரைண்டரை எடுத்தேன். முதல் பக்கம் அழகாக வந்தது. இரண்டாம் பக்கம் மேல் மூலைக்கு வரும்போது உலோகம் மெலிந்துவிட்டது, சூடு ஓடிப் போக இடமில்லை. வைக்கோல் மஞ்சள் வந்தது, பிறகு கபிலம், ஊதா, நீலம். ஒரு மூச்சு விடும் நேரம்தான். கையை எடுப்பதற்குள் நுனி சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியது அவ்வளவு அழகாக இருந்தது. சூட்டில் எஃகின் கடினம் போய்க் கெட்டுப்போகிறது என்று தெரிந்தும் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மாலையில் பேர்ச் குற்றியில் ஒரே ஒரு கொத்து. அந்த மூலை உடையவில்லை. கடதாசி மடிவது போல மடிந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

செம்மணல்

நான் அரம் போட்டவள். போட்டது அப்பா என்பதே சரி.

என்னுடையது டேன் கோடரி, நீளப் பிடியில் அகன்ற வாய் வைத்த வைக்கிங் சண்டைக் கோடரி. வெட்டு விளிம்பே 20 சென்ரிமீற்றருக்கு மேல். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது. அப்பா அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்தார். நான் அரத்தை முன்னும் பின்னும் இழுத்ததைப் பார்த்துவிட்டு, "அரத்துக்கும் பல்லு இருக்கு பிள்ளை. பின்னுக்கு இழுத்தா அது மழுங்கிப் போகும், இஞ்ச தா" என்று வாங்கிக்கொண்டார். முன்னுக்குத் தள்ளுவார், தூக்குவார், மறுபடி தள்ளுவார். பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை அரத்தைத் தட்டித் தூள் உதிர்ப்பார். மதியம் தொடங்கியது, இருட்டும்வரை போனது. முடிவில் விளிம்பைப் பெருவிரல் நகத்தில் மெதுவாக வைத்தார். வழுக்கினால் இன்னும் இல்லை, கவ்வினால் வந்துவிட்டது. கவ்வியது.

அப்போதுதான் கோடரியைப் பக்கவாட்டில் திருப்பி, வாய் எவ்வளவு மெல்லியது என்று பார்த்தார். "இதால என்ன மரம் கொத்தப் போறாய்?" என்று கேட்டார்.

மரத்துக்குச் செய்த வடிவம் அல்ல அது. ஆளை வெட்டச் செய்தது. 1990களை அங்கேயே இருந்து கடந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நின்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. எண்ணெய் பூசி, தன் பழைய சாரத்துண்டில் சுற்றி என் கையில் தந்தார். அப்பா இப்போது இல்லை. கோடரி அந்தத் துண்டிலேயே இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

கீழைக்காற்று

செம்மணல் அக்கா எழுதியதற்குக் கீழே எதுவும் எழுத மனம் வரவில்லை. ஆனாலும் பனிக்காடன் சொன்ன ஒன்றை விட முடியாது. "மலிவானவை எல்லாம் அப்படித்தான்" என்பது தவறு. விளிம்பு மொட்டையாக வருவது மலிவினால் அல்ல, பழைய போர்களைத் திரும்ப நடித்துக் காட்டும் மறுநடிப்புச் சண்டைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதால். மலிவின் அடையாளம் எடை. நான் டென்மார்க்கில் வாங்கிய முதல் கோடரியின் தலை மட்டும் ஒன்றரைக் கிலோ. சுவரில் மாட்டினால் பயங்கரமாகத் தெரியும், கையில் எடுத்தால் சுத்தியல்.

கொப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் மாமென் (Mammen) என்ற ஊரில் கிடைத்த கோடரியின் முன் நின்ற அன்றுதான் எனக்கு அது விளங்கியது. யூட்லாந்தில் 1868இல் ஒரு புதைமேட்டிலிருந்து எடுத்தது. புதைகுழியின் மரங்கள் 970-71 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் பெரிதாக ஏதோ இருக்கும் என்று போனேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை என் கை அளவுதான் இருந்தது. இரும்பில் வெள்ளிக் கம்பியை இழைத்து ஒரு பக்கம் பறவை போல ஒரு உயிர், மறுபக்கம் கொடி. மூச்சு கண்ணாடியில் படியும்வரை குனிந்து நின்றேன். வீட்டுக்கு வந்து என் ஒன்றரைக் கிலோவைத் தூக்கிப் பார்த்தேன், அன்றே விற்றுவிட்டேன்.

அது சடங்குக் கோடரி, சண்டைக் கோடரி அல்ல என்று யாராவது சொல்வீர்கள். சரி, சண்டைக்கு நோர்வேயில் லாங்கைட் என்ற இடத்தில் கிடைத்ததைப் பாருங்கள். 2011இல் தோண்டியபோது கிடைத்த அகன்ற வாய்க் கோடரி, பிடியில் பித்தளைத் தகடு சுற்றியிருந்தது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 550 கிராம், செய்தபோது 800 அளவில் இருந்திருக்கும் என்கிறார்கள். ஏறத்தாழ 110 சென்ரிமீற்றர் பிடியில் 800 கிராம்! இரண்டு கையால் வேகமாகச் சுழற்றி உடனே திருப்பலாம். வாங்கப் போகிறவர்கள் தராசைக் கொண்டு போங்கள்.

நொய்யல்

எனக்கு நடந்தது சின்னது. கோயம்புத்தூர்க்காரன், ஸ்டவாங்கரில் வேலை. கோடாலிப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டு துணியைச் சுருட்டி கராஜ் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புகை வாசம். தொட்டியைத் திறந்தால் துணியின் நடு கறுத்துப் புகைகிறது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து தானே சூடாகும். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். அடுத்து, தீட்டுவதற்கு முன் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் ஆப்பு சரியாக இறங்கியிருக்காது. தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்காதீர்கள், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடியுங்கள். அரம் போடும்போது தலையை வைஸில் பூட்டி, விளிம்பை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். மை அழியும் இடத்தில்தான் அரம் படுகிறது, கோணம் பிசகினால் உடனே தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து 30 டிகிரி போதும், அதற்கும் கீழே போனால் கடினமான மரக்கணு பட்டதும் பல் விழும். மறுபக்கம் பிசிர் எழும்வரை ஒரு பக்கத்தை விடாதீர்கள். பிசிரைக் கல்லில் எடுத்து, கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இழுங்கள். கையுறை கட்டாயம். தீட்டிய பிறகு வாய்க்குத் தோல் உறை போடுங்கள். பஸ்ஸில் சும்மா கொண்டுபோகாதீர்கள், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் நோர்வேயில் குற்றம். துருப்பிடிக்காத எஃகில் செய்த அலங்காரக் கோடாலியை மட்டும் தீட்டவே வேண்டாம், வீசினால் தலை எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

வடகரை

கீழைக்காற்று சொன்ன மறுநடிப்பு விஷயத்தைப் படித்ததும் எனக்குப் பழைய நோவு வந்துவிட்டது. இங்கிலாந்தில் இருக்கிறேன். ஹேஸ்டிங்ஸ் சண்டை 1066இல் நடந்த நிலத்திலேயே ஒவ்வொரு அக்டோபரிலும் நடித்துக் காட்டுவார்கள். இங்கிலாந்து அரசன் ஹரால்டின் வீரர்கள் டேன் கோடரியோடு நிற்பது பாயூ துணிச் சித்திரத்தில் இருக்கிறது, அந்த வரிசையில் ஒருநாள் நிற்க வேண்டும் என்று ஒரு குழுவில் சேர்ந்தேன்.

ஒன்றும் கேட்காமல் கோடரியைத் தீட்டிக்கொண்டு முதல் பயிற்சிக்குப் போனேன். ஒரு கோடை முழுக்க உழைத்த விளிம்பு. ஆயுதம் பார்க்கும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டுக் கோபிக்கவே இல்லை. ஒரு நாணயத்தை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டி, "இந்தத் தடிப்பு வரவேண்டும்" என்றார். அரத்தையும் அவரே தந்தார். எல்லோர் முன்னிலும் உட்கார்ந்து தேய்த்தேன். 20 நிமிடத்தில் முழுவதும் போய்விட்டது. ஒவ்வொரு தள்ளலுக்கும் நான் ஏற்றிய மினுக்கம் தூளாக என் சப்பாத்தில் விழுந்தது.

கீழைக்காற்று, எடை பற்றி நீங்கள் சொன்னது எங்களுக்குப் பொருந்தாது. விளிம்பு நாணயத் தடிப்பில் இருந்தால் தலை 800 கிராமில் நிற்காது. எங்கள் கோடரிகள் பாரமாக இருப்பது எதிரில் நிற்பவனின் உயிருக்காக. அதை மலிவு என்று எழுதாதீர்கள்.

பனிக்காடன்

எல்லாம் வாசித்தேன். செம்மணல் அக்கா, நன்றி.

ஒரு கொல்லரிடம் காட்டினேன். நீலத்தைக் கண்டதும் பயப்பட வேண்டாம், கோடரிக்கு ஊதாவரை போவது வழக்கம்தான், உன்னுடையது அதையும் தாண்டிவிட்டது, தோய்ச்சல் (எஃகின் கடினம்) போன பகுதியை வெட்டி எடு என்றார். சனிக்கிழமை வைஸில் பூட்டி அரம் போட்டேன், முன்னுக்கு மட்டும். அந்த மூலையில் அரம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. 4 மில்லிமீற்றர் போனபிறகு ஒரு தள்ளலில் சத்தம் மாறியது. அரம் கடிக்காமல் கிறீச்சென்று வழுக்கியது. நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். மேல் மூலை இப்போது கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, வடிவம் பழையபடி இல்லை. நாளை மறுபக்கம்.